முதல் கேமிங் கணினி: எதில் காசைக் குறைக்கலாம், எதில் கூடாது

தம்பி, உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறீர்கள். வேலைக்குப் போய் 3,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) சேர்த்திருக்கிறீர்கள். பேஸ்புக்கில் ஒருவர் "ஐ7, 16 ஜிபி ராம், ஆர்எக்ஸ் 580, 700 வாட் பவர் சப்ளை, ஆறு ஆர்ஜிபி ஃபேன்" என்று ஒரு செட்டை 1,700 வெள்ளிக்குப் போட்டிருக்கிறார். அதை வாங்கிவிட்டு மீதிக் காசைக் கையில் வைத்துக்கொள்வதா, இல்லை 3,000-க்கும் பொருள் பொருளாக வாங்கிச் சொந்தமாகப் பூட்டுவதா என்று கேட்கிறீர்கள். விளையாடப் போவது வேலரண்ட், ஜிடிஏ 5, அப்புறம் புதிதாக வருகிற ஒன்றிரண்டு கேம்கள். மானிட்டர் இல்லை, வீட்டு டிவிதான். மழை வந்தால் மின்சாரம் போய்ப் போய் வரும் என்று கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கடைசி வரிதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

எந்தப் பார்ட் நல்லது என்பதை யூடியூபில் ஆயிரம் பேர் சொல்லிவிடுவார்கள். உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது, கையில் இருக்கும் காசு எல்லாவற்றுக்கும் போதாதபோது எதில் குறைத்தால் பின்னால் வருத்தப்பட மாட்டோம் என்பது. இந்த ஊரில் பல வருடமாகக் கணினி பழுது பார்க்கிற, பூட்டிக் கொடுக்கிற ஆளாக நான் பார்க்கிற கணக்கு இதுதான்: ஆறு மாதம் கழித்துக் கழற்றி மாற்றக்கூடிய பொருளில் இன்று தாராளமாகக் குறைக்கலாம். கெட்டுப்போனால் மற்ற பொருளையும் சேர்த்துக் கெடுக்கிற பொருளிலும், மாற்ற வேண்டுமானால் பாதி கணினியையே மாற்ற வேண்டிவருகிற பொருளிலும் குறைக்கக் கூடாது. ராம் (தற்காலிக நினைவகம்), எஸ்எஸ்டி (கேம்களைச் சேமிக்கும் இடம்), கேசிங் (வெளிப்பெட்டி), ஃபேன் எல்லாம் முதல் வகை. பவர் சப்ளை (சுவர் மின்சாரத்தைப் பாகங்களுக்கு ஏற்ப மாற்றிக் கொடுப்பது) இரண்டாவது வகை. மதர்போர்டும் (எல்லாப் பாகமும் செருகப்படும் பலகை) பிராசசரும் (கணினியின் மூளை) நடுவில் இருக்கின்றன. கிராபிக்ஸ் கார்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் கேம் ஓடுவதும் திணறுவதும் பெரும்பாலும் அதன் கையில்தான் என்பதால் காசில் பெரிய பங்கு அதற்குத்தான் போகும்.

அந்த 1,700 வெள்ளி செட்டை எடுத்துக்கொள்வோம். விற்பவர் "ஐ7" என்று மட்டும் போட்டிருக்கிறார், எந்தத் தலைமுறை என்று போடவில்லை. இந்த விலைக்கு, இந்த மாதிரி விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் இன்டெல்லின் ஐ7-4770 பிராசசர் வகைதான். அது 2013-இல் வந்தது. நான்கு கோர் (கணக்குப் போடும் பகுதி), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை). 2022-இல் வந்த ஐ3-12100எஃப்-க்கும் அதே நான்கு கோர், எட்டு த்ரெட்தான், ஆனாலும் அந்தச் சாதாரண ஐ3 இந்த ஐ7-ஐ எளிதாகத் தாண்டிப் போய்விடும். அதைவிடப் பெரிய சிக்கல் விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்பது இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்து. பழைய கணினியில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுப்பார்கள், ஏறவும் செய்யும். ஆனால் ஏமாற்றி விளையாடுகிறவர்களைத் தடுக்கிற வேலரண்ட்டின் காவல் மென்பொருள், விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (கணினி பாதுகாப்பாகத் தொடங்கும் முறை) இரண்டையும் கேட்கும். 2013 மதர்போர்டில் டிபிஎம் 2.0 இருக்காது. அதாவது நீங்கள் முதலில் எழுதியிருக்கிற கேமே உங்கள் கணினியில் ஓடாமல் போகலாம். அந்தப் போர்டில் டிபிஎம் 2.0 இருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் இருப்பது அது 4770-தானா என்பதில் மட்டும். விற்பவரிடம் பிராசசரின் முழு எண்ணைக் கேளுங்கள். எண்ணைச் சொல்லாமல் "ஐ7 ப்ரோ, பவர்ஃபுல்" என்று மட்டும் பதில் வந்தால் விஷயம் புரிந்துவிடும்.

ஆர்எக்ஸ் 580 பற்றியும் இரண்டு செய்தி உண்டு. அது 2017-இல் வந்த கார்டு. மோசமானது இல்லை, அந்தக் காலத்தில் நன்றாகவே உழைத்தது. ஆனால் அதே பெயரில் "2048எஸ்பி" என்று இன்னொன்று சீனச் சந்தைக்காக வந்தது. உண்மையான 580-இல் 2,304 ஷேடர் (படத்தை வரைகிற சிறு கணக்குப் பகுதி) இருக்கும், இதில் பெயருக்கேற்ப 2,048தான். கிட்டத்தட்ட ஆர்எக்ஸ் 570-ஐ 580 என்று விற்பது மாதிரி. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் ஷேடர் எண்ணிக்கை தெரிந்துவிடும். போலிக் கார்டாக இருந்தால் அதையும் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். இரண்டாவது, 2022 செப்டம்பரில் எத்திரியம் என்ற மின்நாணயம் தன் முறையை மாற்றியதும், கார்டு வைத்து அதை மைனிங் செய்தவர்கள் (கணக்குப் போட்டு நாணயம் சம்பாதித்தவர்கள்) ஒரே நேரத்தில் கடையைச் சாத்தினார்கள். அந்தக் கார்டுகள்தான் இன்றும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. மைனிங்கில் இருந்த கார்டு எல்லாமே குப்பை என்று சொல்ல மாட்டேன். சிப் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறது, ஃபேனும் தெர்மல் பேஸ்ட்டும்தான் முதலில் போகின்றன. இது என் மேசைக்கு வந்த கார்டுகளை வைத்து நான் சொல்கிற கணிப்பு, எங்கும் அளந்து பார்த்த முடிவு இல்லை.

ஆக, அந்தச் செட் வேண்டாம். அதே விலையில் "ஜியான்" பிராசசர் போட்ட எக்ஸ்99 செட்டும் உங்கள் கண்ணில் படும். த்ரெட் எண்ணிக்கை மலைக்க வைக்கும். அது 2014 வாக்கில் சர்வருக்காகச் செய்த சிப், கேமுக்கு வேண்டியது அது இல்லை. அதையும் தாண்டிப் போங்கள்.

சொந்தமாகப் பூட்டுவதென்றால் திரையிலிருந்து தொடங்குங்கள். உங்கள் டிவி 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை படம் மாறும்), 1080பி (முழு எச்டி) என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் கார்டு நொடிக்கு 200 ஃபிரேம் தந்தாலும் நீங்கள் பார்ப்பது 60தான். டிவியில் "கேம் மோட்" இருந்தால் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மவுஸை நகர்த்துவதற்கும் திரையில் நகர்வதற்கும் நடுவே ஒரு தாமதம் தெரியும். பின்னால் காசு சேரும்போது முதலில் வாங்க வேண்டியது 144 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட 24 அங்குல மானிட்டர்தான், புதுக் கார்டு இல்லை. வேலரண்ட் ஆடுகிறவருக்கு அந்த வித்தியாசம் முதல் நாளே தெரியும்.

1080பி-க்கு இன்று உங்கள் காசுக்குள் நான் பார்க்கச் சொல்வது ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060 இந்த மூன்றுதான். மூன்றிலும் 8 ஜிபி நினைவகம். மின்சாரம் எடுப்பதில் 4060 தான் சிக்கனம், 115 வாட். 6600-க்கு 132, 7600-க்கு 165. ஒரே நாளில் மூன்றின் விலையையும் பார்த்து, 4060 மற்றதைவிட 200 வெள்ளிக்கு மேல் கூடுதலாக இருந்தால் விட்டுவிடுவேன். உங்கள் கேம்களுக்கு 6600-ஏ போதும். இன்டெல்லின் ஆர்க் பி580-இல் 12 ஜிபி இருக்கிறதே என்று கேட்பீர்கள். நல்ல கார்டுதான். ஆனால் அதன் டிரைவர் (கார்டை இயக்குகிற மென்பொருள்) பிராசசரிடம் அதிக வேலை வாங்குகிறது, அதனால் நான் கீழே சொல்லப்போகிற பிராசசரோடு சில கேம்களில் அதன் முழு பலமும் வெளியே வருவதில்லை. 8 ஜிபி இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்பது இன்று எல்லோரும் சண்டை போடுகிற விஷயம். வேலரண்ட்டுக்கும் ஜிடிஏ 5-க்கும் பிரச்சினை இல்லை. புதிய பெரிய கேம்களில் டெக்ஸ்சரை "அல்ட்ரா"விலிருந்து இறக்க வேண்டிவரும். அவ்வளவோடு நிற்கும் என்பது என் எண்ணம், உறுதி இல்லை.

பிராசசருக்கு உங்கள் காசில் இரண்டு வழி. ஒன்று ஏஎம்4 சாக்கெட்டில் (மதர்போர்டில் பிராசசர் பொருந்துகிற இடம்) ரைசன் 5 5600. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், பெட்டியிலேயே கூலர் வரும். இன்னொன்று ஏஎம்5-இல் ரைசன் 5 7500எஃப் அல்லது 7600. ஏஎம்5 2022-இல் வந்தது. 2027-ஐத் தாண்டியும் ஆதரவு தருவோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது, அதனால் மூன்று நான்கு வருடம் கழித்துப் பிராசசரை மட்டும் மாற்றலாம். ஏஎம்4-இல் அந்தப் பாதை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. சாதாரண நேரமாக இருந்தால் ஏஎம்5-க்கே போங்கள் என்று சொல்லியிருப்பேன். தடையாக நிற்பது ராம் விலை. ஏஎம்5-க்கு டிடிஆர்5 என்ற புதிய வகை ராம் மட்டும்தான் பொருந்தும். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் ராம் விலை தாறுமாறாக ஏறியது. ஏஎம்4-க்குப் பொருந்துகிற முந்தைய வகையான டிடிஆர்4-உம் ஏறியதுதான், ஆனால் அது பழையதாகக் கிடைக்கிறது. கைவிடப்பட்ட அலுவலகக் கணினிகளிலும் மேம்படுத்தியவர்கள் விற்பதிலும் நிறையவே வருகிறது. ஆகவே 3,000 வெள்ளிக்குள் என்றால் இன்றைக்கு 5600-உம் டிடிஆர்4-உம். இன்டெல் பக்கம் ஐ5-12400எஃப் நல்ல விலையில் கிடைத்தால் அதுவும் சரிதான், டிடிஆர்4 ஏற்கிற மதர்போர்டாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயம்: 5600-இலும், பெயரில் "எஃப்" உள்ளவற்றிலும் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு வரும் வரை திரையில் ஒன்றும் வராது. "பிராசசர் செத்துவிட்டது" என்று இந்தக் காரணத்துக்காகவே கடைக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

ராமை 8 ஜிபி குச்சி இரண்டாக வாங்குங்கள், 16 ஜிபி ஒரே குச்சியாக வேண்டாம். இரண்டு போட்டால் பிராசசர் இரண்டு வழியில் ஒரே நேரத்தில் படிக்கும். கேமில் ஃபிரேம் திடீரென்று விழுகிற தொல்லை இதனாலேயே நன்றாகக் குறையும். நான்கு துளை இருந்தால் பெரும்பாலான போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். பழைய ராம் வாங்க நான் பயப்படுவதில்லை, அதில் அசையும் பாகம் எதுவும் இல்லை. வாங்கியதும் மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனை மென்பொருளை ஒரு இரவு ஓடவிடுங்கள், ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுங்கள்.

மதர்போர்டு பி550. அதைவிடக் குறைக்க வேண்டுமானால் ஏ520. ஏ520-இல் கார்டுக்குத் தகவல் போகிற வழி மெதுவான பிசிஐஇ 3.0தான், நான் மேலே சொன்ன கார்டுகள் அதில் எட்டுப் பாதைகளை மட்டும் பயன்படுத்துபவை, ஆகவே சில கேம்களில் சிறிது இழப்பு இருக்கும். பழைய பி450 வாங்கினால் 5000 வரிசைக்கு பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் ஆகியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டி 1 டிபி என்விஎம்இ (வேகமான வகை). 500 ஜிபியில் தொடங்கினாலும் குடி முழுகிவிடாது, ஆனால் ஜிடிஏ 5 ஒன்றே 100 ஜிபியைத் தாண்டி இடம் பிடிக்கும்.

இப்போது பவர் சப்ளை. நம் ஊருக்கு வரும்போது இதுதான் முக்கியம். "700 வாட்" என்று பெட்டியில் போடுவதற்கு யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற அட்டவணையைப் பாருங்கள். அதில் +12வி என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். அதை 12-ஆல் பெருக்குங்கள். 30 ஆம்பியர் என்றால் 360 வாட், அவ்வளவுதான் உங்கள் பிராசசருக்கும் கார்டுக்கும் கிடைக்கும், பெட்டியில் 700 என்று இருந்தாலும் சரி. நல்ல 550 வாட் சப்ளையில் இந்தக் கணக்கு 500-க்கு மேலே வரும். பின்பக்கம் 115/230 என்று சிவப்பு நிறச் சுவிட்ச் இருந்தால் அது பழைய வடிவமைப்பு என்பதற்கு அடையாளம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அந்தச் சுவிட்ச் தவறி 115-இல் இருந்தபடி பிளக்கைச் செருகினால் ஒரு சத்தம் கேட்கும், அதோடு கதை முடிந்தது. "80 பிளஸ்" முத்திரை இருப்பது நல்லதுதான். ஆனால் அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று, உள்ளே பாதுகாப்புச் சுற்று ஒழுங்காக இருக்கிறதா என்பதற்கான சான்று இல்லை. மட்டமான சப்ளை சாகும்போது தனியாகச் சாகாது, போகிற வழியில் மதர்போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

உங்களுக்கு 700 வாட் தேவையே இல்லை. 5600 முழு வேகத்தில் ஓடினாலும் 76 வாட் வாக்கில் நிற்கும், கார்டுக்கு 165 என்று வைத்தாலும், மற்றதெல்லாம் சேர்த்து 300-ஐச் சுற்றித்தான் வரும். பெயர் தெரிந்த நிறுவனத்தின் 550 வாட், 80 பிளஸ் வெண்கல (ப்ரான்ஸ்) முத்திரைச் சப்ளையை ஐந்து வருட உத்தரவாதத்தோடு வாங்கினால் அடுத்த கணினிக்கும் அதுவே போகும். இதை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். உள்ளே கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகம்) எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம் நீங்கள் எழுதிய அந்தக் கடைசி வரி. மலேசியா உலகிலேயே இடிமின்னல் அதிகம் விழுகிற இடங்களில் ஒன்று. பருவக்காற்று மாறுகிற ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் போதும், வானம் கருத்துவிடும். என் கடைக்குச் செத்து வருகிற கணினிகளில் கணிசமானவை அந்த மாதங்களில் வருபவை. செம்பனைக்கு நடுவே தூரத்திலிருந்து கம்பத்தில் வருகிற மின்கம்பியில் பக்கத்தில் எங்கேயாவது மின்னல் விழுந்தால் போதும், நேராக உங்கள் கூரையில் விழ வேண்டியதில்லை.

முதலில் எர்த் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். கணினிக் கேசிங்கின் வண்ணம் பூசாத இரும்பைத் தொடும்போது விரலில் லேசாகச் சுருக்கென்று இழுக்கிறதா? பழைய லயத்து வீடுகளில் இது சாதாரணமாக நடக்கும். பவர் சப்ளையின் உள்ளே இரைச்சலை வடிகட்டுகிற சிறு கெப்பாசிட்டர்கள் கேசிங்கோடு இணைந்திருக்கும். எர்த் கம்பி ஒழுங்காக இருந்தால் அதன் வழியாக வருகிற சிறு கசிவு தரைக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேசிங் வீட்டு வோல்டேஜில் பாதி அளவில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு, அதனால் கொல்லாது, ஆனால் எர்த் போய்விட்டது என்பதற்கு அது எச்சரிக்கை. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். சுவருக்குள் இருக்கிற வயரிங் என் தொழில் இல்லை. பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தையும் பிரேக்கரையும் சோதிக்கச் சொல்லுங்கள். தோட்ட நிர்வாகத்தின் வீடு என்றால் முதலில் அலுவலகத்தில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

சர்ஜ் புரடெக்டர் வாங்குங்கள், ஆனால் அது வேலை செய்வதற்கும் அந்த எர்த் வேண்டும். அதிகப்படியாக வருகிற மின்சாரத்தை அது எர்த்துக்குத் திருப்பிவிடும், திருப்பிவிட இடம் இல்லாவிட்டால் அதன் பாதுகாப்பு பாதியாகிவிடும். பெரிய இடிக்கு முன்னால் அதுவும் நிற்காது. இடி கேட்டதும் பிளக்கைக் கழற்றிவிடுவதுதான் உறுதியான ஒரே வழி. சுவர்ச் சுவிட்சை அணைத்தால் போதாது, அதன் உள்ளே இருக்கிற இடைவெளி சில மில்லிமீட்டர்தான். டிவியோடு இணைக்கப் போவதால் உங்களுக்கு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. கூரையில் இருக்கிற சாட்டலைட் தட்டின் கேபிள் வழியாக மின்னல் டிவிக்குள் வந்து, அங்கிருந்து கணினியை இணைக்கிற எச்டிஎம்ஐ கேபிள் வழியாகக் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும். பிளக்கைக் கழற்றியவர்கள் எச்டிஎம்ஐயை மறந்து கார்டை இழந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். மழைக்கு முன்னால் அதையும் பிடுங்குங்கள். இணையம் ஃபைபராக இருந்தால் அந்தக் கண்ணாடி இழையில் மின்சாரம் வராது, ஆனால் மோடத்தின் அடாப்டர் சுவரில்தான் இருக்கிறது, அங்கிருந்து கணினிக்கு வருகிற லேன் கேபிள் செம்புதான். வெளியே 4ஜி ஆன்டெனா வைத்திருந்தால் அதற்கும் இதே கணக்கு.

மின்சாரம் போய்ப் போய் வருவதற்கு யுபிஎஸ் (மின்சாரம் போனால் சிறிது நேரம் பேட்டரியில் தருவது) உதவும். மலிவான 650 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் சுற்றித்தான் தாங்கும், விஏ-வும் வாட்டும் ஒன்றில்லை. கேமை நிறுத்திக் கணினியை ஒழுங்காக அணைக்க அது போதும், தொடர்ந்து விளையாட இல்லை. காசு இடிக்கிறது என்றால் யுபிஎஸ்ஸை அடுத்த வருடத்துக்குத் தள்ளலாம், எர்த்தைத் தள்ளாதீர்கள்.

சூட்டைப் பற்றி யூடியூபில் பார்க்கிற எண்களை அப்படியே நம்ப வேண்டாம். அவர்கள் 21, 22 டிகிரி அறையில் சோதிக்கிறார்கள். தகரக் கூரைக்குக் கீழே பின்னேரம் 33, 34 டிகிரி இருக்கிற உங்கள் அறையில், அவர்களுக்கு 70 காட்டியது உங்களுக்கு 80-ஐத் தாண்டும். 5600-இன் எல்லை 90, ஆகவே ஆபத்தில்லை, ஆனால் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேசிங் வாங்கினால் காற்று உள்ளே வர வழியில்லாமல் போகும். அந்த விளம்பரத்தின் ஆறு ஆர்ஜிபி ஃபேனைவிட, முன்னால் வலை போட்ட சாதாரணக் கேசிங்கில் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று மூன்று ஃபேன் நன்றாக வேலை செய்யும். செம்பனை ஆலைக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களின் கணினியில் படிகிற தூசி எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும், ஊதினால் போகாது, வடிகட்டி வலையை மாதம் ஒருமுறை கழுவ வேண்டும். பின்னால் காலியாக இருக்கிற துளைகளின் தகடுகளைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள், பல்லி அந்த வழியாகத்தான் உள்ளே போகும். எறும்பும் அப்படித்தான். கணினியைத் தரையில் வைக்காதீர்கள், பக்கத்தில் மைலோ குடிக்காதீர்கள்.

எங்கே வாங்குவது? ஈப்போவில் கடைகள் இருக்கின்றன, கோலாலம்பூரில் லோயட் பிளாசா இருக்கிறது, ஷோப்பியிலும் லசாடாவிலும் நிறுவனங்களின் அதிகாரப்பூர்வக் கடைகள் உண்டு. பவர் சப்ளை, மதர்போர்டு, எஸ்எஸ்டி மூன்றையும் உள்ளூர் விநியோகஸ்தரின் உத்தரவாத ஸ்டிக்கர் ஒட்டியதாகப் பார்த்து வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து நேராக வருவது விலை குறைவாகத் தெரியும், ஆனால் 500 வெள்ளிக்குள் உள்ள இறக்குமதிக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. கெட்டுப்போனால் திருப்பி அனுப்பும் செலவும் உங்கள் தலையில்தான். வியாபாரி ஏமாற்றினால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் புகார் கொடுக்கலாம், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை விசாரிப்பார்கள். பேஸ்புக்கில் தன் பழைய பொருளை விற்கிற தனி ஆளை அங்கே இழுக்க முடியாது. ஆகவே பழைய கார்டு வாங்கினால் விற்பவர் வீட்டிலேயே அரை மணி நேரம் கேமை ஓடவிட்டு, சூட்டையும் ஃபேன் சத்தத்தையும் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுக்க வேண்டும். அவர் அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் 3,000-ஐ நான் பிரித்தால் இப்படி வரும்: கார்டுக்கு 1,100, பிராசசருக்கும் மதர்போர்டுக்கும் சேர்த்து 850, ராமுக்கும் எஸ்எஸ்டிக்கும் 550, பவர் சப்ளைக்கு 250, கேசிங்குக்கு 150, சர்ஜ் புரடெக்டருக்கும் நல்ல லேன் கேபிளுக்கும் 100. இது பங்கீடு, கடை விலை இல்லை. ராம் விலை இடித்தால் எஸ்எஸ்டியை 500 ஜிபியாக்குங்கள், கேசிங்கைப் பழையதாக வாங்குங்கள். பவர் சப்ளையின் 250-இல் கை வைக்காதீர்கள். விண்டோஸுக்கு நான் காசு ஒதுக்கவில்லை. ஆக்டிவேட் செய்யாமலேயே அது ஓடும், மூலையில் ஒரு வரி நிற்கும், வால்பேப்பரை மாற்ற விடாது, அவ்வளவுதான். பின்னால் வாங்கிக்கொள்ளலாம். இணையத்தில் கிடைக்கிற கள்ள ஆக்டிவேட்டரை ஏற்றி, கேம் கணக்கையே பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

பூட்டுவதை நீங்களே செய்யலாம், பொறுமை இருந்தால் ஒரு நாள் வேலை. முதல் முறை இயக்கியதும் மூன்று விஷயம் பாருங்கள். எச்டிஎம்ஐ கேபிள் மதர்போர்டில் இல்லாமல் கார்டில் செருகியிருக்க வேண்டும். பயாஸில் எக்ஸ்எம்பி என்ற ஒன்றை இயக்கினால்தான் ராம் அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓடும், இல்லாவிட்டால் அதைவிடக் குறைவாகவே ஓடிக்கொண்டிருக்கும். செக்யூர் பூட்டையும் டிபிஎம்மையும் அங்கேயே இயக்கிவிட்டு அப்புறம் விண்டோஸ் ஏற்றுங்கள், வேலரண்ட்டுக்காகப் பிறகு திரும்பி வர வேண்டியிருக்காது. வாங்குவதற்கு முன்னால் பவர் சப்ளையின் பக்கவாட்டு அட்டவணையைப் படமெடுத்து இங்கே போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.